பால் பவுடரில் குறைந்து நிற்கும் சயாலிக் அமிலம்

குழந்தைக்கான பால் பவுடர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் புரதம், கொழுப்பு, இரும்புச்சத்து என்று நீளமாக அச்சிட்டிருப்பார்கள். சயாலிக் அமிலத்தைப் பெரும்பாலும் அதில் காண முடியாது. ஒன்பது கார்பன் அணுக்கள் கொண்ட சர்க்கரை வகை இது. நம் செல்களின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் இருக்கும். உடலிலேயே மூளையில்தான் மிக அதிகம்.

சிட்னி பல்கலைக்கழகத்தின் பிங் வாங், ஜென்னி பிராண்ட்-மில்லர் குழுவினர் தாய்ப்பாலிலும் பவுடர் பால்களிலும் சயாலிக் அமிலத்தை அளந்து 2001இல் வெளியிட்டார்கள். முதிர்ந்த தாய்ப்பாலில் உள்ளதில் கால் பங்குகூடப் பெரும்பாலான பவுடர்களில் இல்லை. சீம்பாலில்தான் உச்ச அளவு. முதல் மூன்று மாதங்களில் அது ஏறக்குறைய 80 சதவீதம் இறங்கிவிடுகிறது. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது.

அளவைவிட முக்கியமாக எனக்குப் படுவது, அது எதோடு ஒட்டியிருக்கிறது என்பது. தாய்ப்பாலில் சுமார் முக்கால் பங்கு குறுஞ்சர்க்கரைச் சங்கிலிகளோடு இணைந்திருக்கிறது. பவுடரிலோ பெரும்பகுதி புரதத்தோடு. காரணம், பவுடருக்கு மூலமான பசும்பால்தான். பாலாடைக்கட்டி செய்ய, பாலை உறைய வைக்கும் ரென்னெட் என்ற நொதியைச் சேர்க்கும்போது, பசும்பாலின் கப்பா-கேசீன் புரதம் இரண்டாக வெட்டுப்படும். சயாலிக் அமிலம் ஒட்டிய வால்துண்டு கட்டியோடு சேராமல், வடிகிற மோர்நீரோடு போய்விடும். அந்த மோர்நீர்ப் புரதத்தைச் சேர்த்த பவுடரில் இந்தத் துண்டும் வந்துவிடுகிறது.

தாய்ப்பாலின் குறுஞ்சர்க்கரைகளைக் குழந்தையின் குடலால் செரிக்க முடியாது. அவை பெரும்பாலும் அப்படியே பெருங்குடலுக்குப் போய் நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. இன்னொரு வேலையும் உண்டு. சில வைரஸ்களும் பாக்டீரியாக்களும் செல்லின் மேலுள்ள சயாலிக் அமிலத்தைப் பிடித்துக்கொண்டுதான் தொற்றும். பாலில் மிதந்து வரும் அதே சர்க்கரையை அவை பிடித்துக்கொண்டால், செல்லைத் தொடாமலே வெளியேறிவிடும்.

சரி, மூளைக்கு? தாய்ப்பால் குடித்த சிசுக்களின் முன்மூளைப் புறணியில், கேங்கிலியோசைடு என்ற கொழுப்போடு இணைந்த சயாலிக் அமிலம் பவுடர் பால் குடித்தவர்களைவிட 32 சதவீதம் அதிகம் என்று அதே குழு 2003இல் கண்டது. சயாலிக் அமிலம் கூட்டிக் கொடுத்த பன்றிக்குட்டிகள் வேகமாகக் கற்றன என்று 2007இல் எழுதினார்கள். பன்றிக்குட்டியில் கண்டதை அப்படியே நம் பிள்ளைக்குப் பொருத்திவிடக் கூடாது. குழந்தையின் கல்லீரலும் இதைத் தானே தயாரிக்கும். அதனால் பால் சுரக்காத தாய்மார் குற்ற உணர்வில் வாடத் தேவையில்லை.

இப்போது நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்க வைத்து, லாக்டோஸோடு சயாலிக் அமிலம் சேர்ந்த சயாலில்லாக்டோஸைத் தயாரிக்கிறார்கள். அதைச் சேர்த்த பவுடர்கள் சில நாடுகளில் கடைக்கு வந்துவிட்டன.