வேற்றுமுகம் பார்க்கும் வயது

"எல்லார்கிட்டயும் சிரிச்சுக்கிட்டே போற குழந்தை டாக்டர். பத்து நாளா என் இடுப்பை விட்டு இறங்க மாட்டேங்கிறா. கண்ணு பட்டிருக்குமோ?" என்று கேட்டார் எட்டு மாதக் குழந்தையின் அம்மா. "தூக்கியே வெச்சிருந்தா கைச்சூட்டுக்குப் பழகிடும்னு சொன்னேன்" என்றார் உடன் வந்த மாமியார்.

காது, தொண்டை, எடை எல்லாம் பார்த்தேன். சரியாகவே இருந்தன. குழந்தை வேற்றுமுகம் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். மாதத்துக்கு நாலைந்து பேராவது இதே பயத்தோடு வருகிறார்கள். உண்மையில் இது மூளை வளர்வதன் அடையாளம்.

பிறந்த குழந்தைக்கு ஓரடித் தூரம் வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. அம்மாவின் குரலும் வாசனையும் அப்போதே தெரியும். ஆனாலும் முதல் சில மாதங்கள் யார் தூக்கினாலும் போகும். ஏழு மாதத்தையொட்டித்தான் 'இவர்தான் என் ஆள்' என்று ஒருவரைப் பிடித்துக்கொள்கிறது. அம்மா அறையை விட்டுப் போனாலும் எங்கோ இருக்கிறாள் என்பது இப்போது புரிகிறது. திரும்பி வருவாள் என்பது இன்னும் புரியவில்லை. அந்த இடைவெளியில் வருவதுதான் இந்த அழுகை.

அந்த ஆள் யார் என்பதைப் பால் முடிவு செய்வதில்லை. ருடால்ஃப் ஷாஃபர், பெக்கி எமர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளை ஒன்றரை வயது வரை கவனித்து 1964-ல் எழுதினார்கள். பாலூட்டுபவர், அதிக நேரம் உடனிருப்பவர் என்றெல்லாம் பார்த்துக் குழந்தைகள் ஒட்டவில்லை. அழுதால் ஓடிவந்து, சிரித்தால் பதிலுக்குச் சிரித்தவரிடம் ஒட்டின. சில வீடுகளில் அது அப்பா, சில வீடுகளில் பாட்டி. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படிப் பலர் இருந்தார்கள்.

கைச்சூட்டுப் பேச்சுக்கும் பதில் உண்டு. அமெரிக்காவின் பால்டிமோரில் வீடுவீடாகப் போய்ப் பார்த்த உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த், அழுததும் கவனிக்கப்பட்ட குழந்தைகள் ஒரு வயதை நெருங்கும்போது குறைவாகவே அழுதன என்று பதிவு செய்தார். தயங்காமல் தூக்குங்கள்.

அந்த அம்மாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. நீட்டித்திருந்த விடுப்பும் முடிந்து அடுத்த வாரம் வேலைக்குத் திரும்ப வேண்டும். நம் சட்டம் தரும் பேறுகால விடுப்பு 26 வாரம். பிள்ளை ஆளை அடையாளம் கண்டு ஒட்டும் நேரத்தில் அது முடிந்துவிடுவது எனக்கு எப்போதும் உறுத்தும். "பாட்டிகிட்டயே ஒட்டிக்குவாளா?" என்றார். ஒட்டட்டும், அதனால் உங்கள் பங்கு குறையாது என்றேன். கிளம்பும்போது மட்டும் பின்வாசல் வழியாக நழுவாதீர்கள். அழுதாலும் பரவாயில்லை, டாட்டா சொல்லிவிட்டுப் போங்கள். முந்தானையால் முகத்தை மூடித் திறந்து விளையாடுங்கள். மறைந்த முகம் திரும்பி வரும் என்பதை அதில்தான் கற்றுக்கொள்ளும். மாலையில் வந்ததும் கொஞ்ச நேரம் போனை எட்ட வைத்துவிடுங்கள்.

எனக்குக் கவலை தருவது ஒட்டாத குழந்தைதான். எட்டு ஒன்பது மாதத்தில் முகம் பார்க்காமல், சிரிப்புக்குச் சிரிப்பு தராமல், வீட்டில் யாரையும் தேடாமல் இருந்தால் காட்டுங்கள். அப்புறம், குழந்தையைப் பார்த்தால் எதுவுமே தோன்றவில்லை, அழுகைதான் வருகிறது என்று இருக்கும் அம்மாக்களும் சொல்லுங்கள். பேறுகால மனச்சோர்வு குணப்படுத்தக்கூடிய நோய். ஒன்பதாம் மாத ஊசிக்கு வரும்போது சொன்னால்கூடப் போதும்.