சூப்பர்சார்ஜர் – மீயூட்டி

போடி, கம்பம் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் எதுவும் ‘டர்போ’தான். மலையேறும் ஏலத்தோட்ட ஜீப்புகளில் இருப்பதும் பெரும்பாலும் அதுவே. டர்போவைச் சுழற்றுவது வெளியேறும் புகை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க்‌ஷாஃப்டிலிருந்து வரும் பெல்ட்.

சொல்லின் வேர் வண்டியில் இருக்கிறது. லத்தீனில் ‘கார்ருஸ்’ என்றால் வண்டி. அதில் பாரம் ஏற்றுவதைக் குறித்த சொல் பிரெஞ்சு வழியாக ‘சார்ஜ்’ ஆனது. ‘கார்’ பிறந்ததும் அதே வேரில்தான். இன்ஜின் பேச்சில் சார்ஜ் என்பது ஒரு தடவை சிலிண்டருக்குள் போகும் காற்று, அல்லது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை. வளிமண்டலம் தானாக நிரப்புவதற்கு மேலாக நிரப்புவதால் ‘சூப்பர்’. மின்சாரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘மின்னேற்றி’ சேர்த்து மொழிபெயர்ப்பது பிழை. டெஸ்லா தன் விரைவு மின்னேற்ற நிலையங்களுக்கு இதே பெயரை வைத்தது குழப்பத்தைக் கூட்டிவிட்டது.

ஜெர்மன்காரர்கள் இதை ‘கொம்ப்ரெஸ்ஸர்’ என்பார்கள். நமக்குக் கம்ப்ரஸர் என்றால் பஞ்சர் கடையும் ஏசியும்தான் நினைவுக்கு வரும். ‘மீயூட்டி’ என்பதே பொருத்தம். மீ என்றால் மேல், மிகுதி. குமுளிக்கு அந்தப் பக்கமும் இது புரியும்: மலையாளத்தில் ‘மீதே’ என்றால் மேலே, யானைக்கு உணவளிப்பது ‘ஆனையூட்டு’.

ஊட்டுவதற்குக் கூலி உண்டு. 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், நிமிடத்துக்கு 6,000 சுற்று, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருடன் 0.5 பார் பூஸ்ட் (வளிமண்டலத்துக்கு மேலான அழுத்தம்) என்று வையுங்கள். வினாடிக்குச் சுமார் 0.15 கிலோ காற்று போகும். 30 டிகிரிக் காற்றை அந்த அளவுக்கு அழுத்தினால், இழப்பே இல்லாவிட்டாலும் சூடு 37 டிகிரி ஏறும். மீயூட்டியின் திறன் 60 சதவீதம் என்றால் ஏற்றம் 62 டிகிரி. பெல்ட்டிலிருந்து இழுப்பது 9 கிலோவாட்டுக்குச் சற்று மேல், அதாவது 12–13 குதிரைத்திறன். திறன் 75 சதவீதமானால் 10 குதிரைத்திறனே போதும். இந்த இன்ஜின் தருவது 190 குதிரைத்திறன் அளவில் இருக்கும். கணக்கு கட்டுப்படியாகிறது. வீணான ஆற்றல் எங்கே போனது என்று தேட வேண்டாம், காற்றின் சூட்டிலேயே இருக்கிறது. அந்தச் சூடுதான் நாக்கிங்கை, அதாவது சிலிண்டருக்குள் கலவை தானாகப் பற்றி வெடிப்பதை, வரவழைக்கும். இன்டர்கூலர் வைப்பது அதற்காக.

மீயூட்டிகளில் ரூட்ஸ் வகை உள்ளே காற்றை அழுத்துவதில்லை, வாரி அந்தப் பக்கம் போடுகிறது. பூஸ்ட் ஏற ஏறத் திறன் சரியும். இரட்டைத் திருகு வகை உள்ளேயே அழுத்துவதால் மேல். மையவிலக்கு வகை நல்ல திறன் உள்ளது, ஆனால் பூஸ்ட் வேகத்தின் இருமடியாக ஏறுவதால் குறைந்த சுற்றில் சோம்பேறி. போடிமெட்டு ஏறும்போது அது தெரியும். அங்கே, ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 12–13 சதவீதம் குறைவு. கொண்டை ஊசி வளைவில் வேண்டியது கீழ்ச்சுற்று இழுவை.

சமவெளியில் நிதானமாக ஓட்டும்போது பைபாஸ் வால்வு திறந்து காற்றைச் சுற்றிவிடும். அப்போது இழப்பு மிகக் குறைவு. வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டால் சும்மா ஓட்டும்போதே பெட்ரோல் குடிக்கும்.

சிறிய புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) போட்டு, மீயூட்டியை வேகமாகச் சுழற்றிப் பூஸ்ட் ஏற்றுபவர்கள் மறப்பது பெல்ட்டை. புல்லி சிறுத்தால் பெல்ட் பற்றும் பரப்பும் சுருங்கும், இழுவையோ கூடும். உயர்சுற்றில் பூஸ்ட் முள் ஏறி நின்று பின் இறங்கினால், முதலில் பானெட்டைத் திறந்து புல்லியைச் சுற்றிப் பாருங்கள். கறுப்பு ரப்பர் பொடி படிந்து, பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடிபோல் மினுங்கினால் வழுக்குகிறது என்று பொருள். பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரை முறுக்கிச் சமாளித்தால் பேரிங் போகும். அகலமான பெல்ட்டும், அதைப் புல்லியோடு அணைக்கும் கூடுதல் ஐட்லர் உருளையும் போட வேண்டும்.