தங்க மாத்திரையும் தங்க பஸ்பமும் ஒன்றல்ல

"தங்கம் கேன்சர் செல்லைக் கொல்லுதாமே, வாட்ஸ்அப்பில் பார்த்தோம். அப்பாவுக்குத் தங்க பஸ்பம் கொடுக்கலாமா?" கீமோ மருந்து கலக்கும் பிரிவில் வேலை பார்க்கும் எங்களிடம் நோயாளியின் மகனோ மருமகளோ தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் தப்பே இல்லை. கேட்காமல் வாங்கிக் கொடுப்பதுதான் எனக்குப் பயம்.

அந்தச் செய்தி முழுப் பொய்யும் இல்லை. ஆரனோஃபின் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. தங்க அணு ஒன்றை, பாஸ்பரஸும் கந்தகமும் இருபுறமும் பிடித்திருக்கும்படி செய்த சேர்மம். 1985-இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது. புற்றுநோய் ஆய்வாளர்கள் இதைக் கையில் எடுத்ததற்குக் காரணம், தயோரெடாக்சின் ரிடக்டேஸ் என்ற நொதி. செல்லுக்குள் உருவாகும் ஆக்சிஜன் கழிவுகளைச் சமாளிக்க இந்த நொதி வேண்டும். புற்றுநோய் செல் வேகமாக வளர்வதால் அந்தக் கழிவு அதிகம். பல வகைப் புற்றுகளில் இந்த நொதியும் அதிகமாகவே இருக்கிறது. நொதி வேலை செய்யும் இடத்தில் செலினியம் உள்ள ஓர் அமினோ அமிலம் உண்டு. தங்கத்துக்குச் செலினியத்தின் மேலும் கந்தகத்தின் மேலும் தனி ஈர்ப்பு. போய் ஒட்டிக்கொண்டால் நொதி முடங்கும், கழிவு பெருகும், செல் சாகும்.

சோதனைத் தட்டில் இது அழகாக நடக்கிறது. ஆனால் நம் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் ஏராளமாக ஓடுகிறது. அதிலும் கந்தகம் உண்டு. விழுங்கிய தங்கத்தில் பெரும்பகுதியை வழியிலேயே அது பிடித்து வைத்துக்கொள்ளும். கட்டிக்குப் போய்ச் சேருவது எவ்வளவு, அது போதுமா, போதுமளவு கொடுத்தால் வயிற்றுப்போக்கும் சிறுநீரில் புரதம் போவதும் எந்த அளவுக்கு வரும் என்பதெல்லாம் நோயாளிகளிடம் சோதித்தால்தான் தெரியும். சில புற்றுகளில் அப்படிச் சோதித்தும் வருகிறார்கள். இன்றுவரை எந்தப் புற்றுநோய்க்கும் ஆரனோஃபின் அங்கீகரிக்கப்பட்ட மருந்து அல்ல.

1890-இலேயே இதே கதை நடந்திருக்கிறது. தங்க சயனைடு காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைச் சோதனைக் குழாயில் நிறுத்துகிறது என்று, அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் கண்டார். காசநோய் வந்த விலங்குகளுக்குக் கொடுத்தபோது பலன் இல்லை. அதையும் அவரே சொன்னார். இருந்தும் பிறகு பல வருஷம் காசநோயாளிகளுக்குத் தங்க ஊசி போட்டார்கள்.

சரி, உலோகமே வேண்டாமா? அப்படியும் இல்லை. நான் வேலை பார்க்கும் அறையிலிருந்து போகும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து பிளாட்டினத்தில் செய்ததுதான். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க், மின்புலம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று பார்க்கப் போய், மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம்தான் பாக்டீரியா பிரிவதை நிறுத்துகிறது என்று கண்டுபிடித்தார். 1965-இல் அது வெளியானது. 1978-இல் மருந்தாக அனுமதி கிடைத்தது. இது நொதியை விட்டுவிட்டு நேராக டிஎன்ஏ-வைப் பிடிக்கும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அதே பிளாட்டினம், அதே இரண்டு குளோரின், அதே இரண்டு அம்மோனியா. இரு குளோரினும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மருந்து, எதிரெதிரே இருந்தால் அந்தப் பலன் கிடையாது. வேலையைச் செய்வது அந்த அமைப்பு. பிளாட்டின மோதிரத்தை அரைத்துக் குடித்தால் எதுவும் நடக்காது.

இந்த மருந்தின் குணத்தை நாங்கள் தினமும் பார்க்கிறோம். சிஸ்பிளாட்டினை உப்பு சலைனில்தான் கலப்போம். வெறும் டெக்ஸ்ட்ரோஸில், அதாவது சர்க்கரைக் கரைசலில், குளோரைடு இல்லாததால் மருந்து உருமாறிவிடும். அதன் தம்பி ஆக்ஸாலிபிளாட்டின் நேர் எதிர்: டெக்ஸ்ட்ரோஸில் மட்டும், உப்பு ஆகாது. அலுமினியம் உள்ள ஊசி பட்டால் சிஸ்பிளாட்டினில் கருப்பாகப் படிவு இறங்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் படிகமாகிவிடும். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் சலைன், கூடவே மக்னீசியம், ஒவ்வொரு சுழற்சிக்கும் முன்னால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை. இத்தனையும் சிறுநீரகத்தைக் காப்பாற்றத்தான். இந்த மருந்து காதையும் பாதிக்கலாம். காதில் இரைச்சல் கேட்டால் உடனே சொல்லுங்கள், அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றும் சிறுநீரகத்துக்குள்தான், வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வாங்கிய பஸ்பம், மெழுகு, செந்தூரம் போன்ற நாட்டு மருந்துகள் போகின்றன. இவற்றில் பலவற்றில் ரசமும் (பாதரசம்) பாஷாணமும் (ஆர்செனிக் போன்ற நச்சுப் பொருட்கள்) சேர்கின்றன. கிரியாட்டினின் ஏறினால் கீமோவின் அளவைக் குறைக்க வேண்டிவரும், இல்லையென்றால் தள்ளிப்போட வேண்டிவரும். காரணம் என்ன என்று டாக்டர் தேடிக்கொண்டிருப்பார். டப்பா வீட்டு அலமாரியில் இருக்கும்.

"ஆர்செனிக்கே மருந்தாகிவிட்டதே" என்று சிலர் கேட்பார்கள். ஆமாம். சீனாவின் ஹார்பினில் 1970-களில் ஒரு நாட்டு வைத்தியக் கலவையை எடுத்தார்கள். அதில் ஆர்செனிக், பாதரசம், தேரை விஷம் மூன்றும் இருந்தன. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்து, பலன் தருவது ஆர்செனிக் என்று உறுதிசெய்து மற்ற இரண்டையும் விட்டார்கள். இன்று ஏபிஎல் என்ற ஒரு வகை ரத்தப் புற்றில் அது பல நோயாளிகளை முழுமையாகக் குணப்படுத்துகிறது. அளந்து, ரத்தக்குழாய் வழியே, ஈசிஜியும் பொட்டாசியமும் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறோம். நாட்டு மருந்து என்பதற்காக யாரும் அதை ஒதுக்கவில்லை. சோதிக்காமல் யாரும் அதை ஏற்கவும் இல்லை.

அதனால் அடுத்த முறை வரும்போது, வீட்டில் சாப்பிடும் எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். கீமோவை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். புது உலோக மருந்து ஆய்வில் சேரலாம் என்று எவராவது அழைத்தால், இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடான சிடிஆர்ஐ-யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் மருந்து ஆய்வுகளை அதில் பதிவுசெய்வது 2009-லிருந்து கட்டாயம். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.