வில்வளைவுப் பாலம்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலைத் தாண்டி ஒயிட் டவுனுக்குள் போனால், பழைய வீடுகளின் வளைந்த வாசலை ஆர்ச் என்றுதான் சொல்வோம். பாலத்துக்கும் அதே பேச்சுதான், ஆர்ச் பாலம். பனாமா கால்வாயின் மேல் 1962-இல் திறக்கப்பட்ட அமெரிக்காக்களின் பாலத்தைப் படத்தில் பார்த்த அக்கா மகள், "மாமா, இதைத் தமிழ்ல எப்படி எழுதுறது?" என்று கேட்டாள்.

பள்ளியில் பிரெஞ்சு படிக்கிற பிள்ளை. வானவில்லுக்கு பிரெஞ்சில் என்ன என்றேன். "ஆர்க்-ஆன்-சியெல்" என்றாள். சியெல் வானம், ஆர்க் வில். இலத்தீனில் ஆர்க்குஸ் என்றால் வில். அப்புறம் வில்லைப் போல் வளைந்த கட்டுமானத்துக்கும் அந்தப் பெயரே வந்தது. அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ஆர்ச் ஆனது. ஆர்க்கிடெக்டில் உள்ள ஆர்க்கி வேறு. அது கிரேக்கம், தலைமை என்று பொருள்.

பலர் 'வளைவுப் பாலம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. 'வளைவில் முந்தாதே' என்று பலகை வைக்கிற ஊரில், சாலையே வளைந்து போகிற பாலம் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

ஒரு தென்னை ஈர்க்கை வளைத்து இரு முனைகளையும் நூலால் கட்டிக் காட்டினேன். நூலை அறுத்ததும் முனைகள் விலகி ஓடின. பாலத்தின் வில்லும் அப்படித்தான் இரு பக்கமும் உதைக்கும். அந்த உதைப்பைக் கரையில் உள்ள பாறையோ கட்டுமானமோ தாங்க வேண்டும். இல்லையென்றால் முனைகளை இழுத்துக் கட்ட வேண்டும். பனாமாவில் நடுவே நிற்கும் வில் இழுத்துக் கட்டியது. கப்பலுக்கு வழிவிட, அங்கே தூண்களுக்கு இடையே 344 மீட்டர் விட்டிருக்கிறார்கள். இழுத்துக் கட்டும் அந்த உறுப்புக்கு நம்மிடம் நாண் என்ற சொல் தயாராக இருக்கிறது. வட்டத்தின் வில், நாண் என்று கணக்குப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதானே. ஆங்கிலத்திலும் இந்த வகைக்கு போஸ்ட்ரிங், அதாவது வில்நாண், என்று ஒரு பெயர் உண்டு.

  

"அப்போ விற்பாலமா?" என்றாள். கல்+பாலம் கற்பாலம் ஆவதுபோல் இலக்கணப்படி சரிதான். ஆனால் விற்பனைக்கு வந்த பாலம்போலக் கேட்கிறது. அதனால் வில்வளைவுப் பாலம் என்றே எழுதச் சொன்னேன்.