டொலர் சம்பளம் வருகிறது, ஈ.பி.எஃப் வருவதில்லை

மென்பொருள் எழுதத் தொடங்கி எனக்குப் பதினொரு வருடமாகிறது. கடைசி நான்கு வருடமாக இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருந்தபடியே ஓர் ஐரோப்பிய நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறேன். அவர்களுக்கு டெவலப்பர்கள் தேவைப்படும்போது நேர்முகத் தேர்வு நடத்துவதும் நான்தான். அதனால் ஆள் எடுப்பவர்கள் என்ன கணக்குப் போடுகிறார்கள் என்பது தெரியும். அது நம் பிள்ளைகளுக்கும் தெரியவேண்டும்.

வெளிநாடுகளில் ஆள் பற்றாக்குறை இருப்பது உண்மை. ஜேர்மனியில் 2023இல் 149,000 தகவல் தொழில்நுட்ப வேலைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று பிட்கொம் என்ற தொழிற்துறைச் சங்கம் கணக்குச் சொன்னது. ஜப்பானில் 2030இல் இந்தப் பற்றாக்குறை 790,000 பேர் வரை போகலாம் என்பது அந்நாட்டுப் பொருளாதார அமைச்சின் மதிப்பீடு. ஒருவருக்கு விசா எடுத்துக் கூட்டிக்கொண்டு போவதைவிட, அவர் இருக்கும் இடத்திலேயே வேலையைக் கொடுப்பது அவர்களுக்கு இலகு, மலிவு. கோடையில் பெர்லினில் காலை 9 மணி என்றால் நமக்குப் பகல் 12.30. நேரமும் ஒத்துப்போகிறது. முன்பெல்லாம் இந்த வேலைக்குக் கொழும்பில் போர்டிங் தேடவேண்டும். இன்று தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை வீட்டில் இருந்தே செய்கிறது. அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சரி, அவர்கள் அனுப்பும் ஒப்பந்தத்துக்கு வருவோம். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை 'இன்டிபென்டன்ட் கொன்ட்ராக்டர்' ஒப்பந்தங்கள். அதாவது நீங்கள் அவர்களுடைய ஊழியர் இல்லை. தினமும் எட்டு மணிநேரம் அவர்களுக்கே உழைத்தாலும், காகிதத்தில் நீங்கள் பில் போட்டுப் பணம் வாங்கும் ஒரு தனி வியாபாரி. சம்பளத்தோடு லீவு, ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி), சேவைக்காலப் பணம் எதையும் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை.

ஈ.பி.எஃப் என்றால் என்னவென்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா கொழுந்து பறித்த காலமெல்லாம் சேர்ந்த அந்தப் பணத்தில்தான் எங்கள் அக்காவின் கல்யாணம் நடந்தது. தோட்டத் தொழிலாளியான அம்மாவுக்குச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு, அவரைவிடப் பல மடங்கு சம்பாதிக்கும் மகனுக்கு இல்லை. இதை நான் உணர்ந்ததே மூன்று வருடம் கழித்துத்தான்.

கணக்கைப் பாருங்கள். இங்குள்ள ஒரு கம்பனி மாதம் 300,000 ரூபாய் சம்பளம் தந்தால், அதற்கு மேல் ஈ.பி.எஃப்புக்கு 12 வீதம், ஈ.டி.எஃப்புக்கு 3 வீதம் தன் கையால் கட்டவேண்டும். மாதம் 45,000, வருடம் 540,000 ரூபாய். 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் சேவைக்காலப் பணமாகவும் வரும். வெளிநாட்டுக்காரர் சொல்லும் தொகை பெரிதா என்பதை இதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் பார்க்கவேண்டும். வரியையும் மறக்கக்கூடாது. வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு முன்பு விலக்கு இருந்தது. 2025 ஏப்ரலில் இருந்து, வங்கி வழியாக வரும் அந்த வருமானத்துக்கும் கூடியது 15 வீதம் வரி உண்டு. வருடத்துக்கு முதல் 18 இலட்சம் ரூபாய்க்கு வரி கிடையாது. டின் நம்பரை (வரி அடையாள இலக்கம்) முதல் மாதமே எடுத்துவிடுங்கள்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தம்பி. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது அவன் ஊருக்குப் போகும் பாதை மண்சரிவில் மூடிவிட்டது. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. ஐந்தாம் நாள் ஒரு மேட்டில் ஏறி நின்று போனைப் பார்த்தால், ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று மெயில் வந்திருக்கிறது. 48 மணிநேரம் தொடர்பு இல்லாவிட்டால் அறிவித்தல் இல்லாமல் விலக்கலாம் என்று ஒரு வரி அதில் இருந்தது. அவன் கையெழுத்து வைத்த வரிதான். செய்து முடித்த வேலைக்கான பணமும் நிலுவை. வழக்குப் போடுவதென்றால் அந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் என்று அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தது. நம் மலையில் மழைக்காலம் வருடா வருடம் வரும். இயற்கை அனர்த்தம், மின்தடை என்றால் குறைந்தது ஒரு வாரம் பொறுக்கவேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பணத்தை மாதம் ஒருமுறை இல்லாமல் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கேளுங்கள். ஏமாந்தாலும் இழப்பு பாதியோடு நிற்கும்.

இன்னொரு சிக்கல் நமக்கே உரியது. அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் தந்தை பெயர் முன்னுக்கு. வெளிநாட்டுப் பணத்தைப் பெற்றுத்தரும் பேயோனியர் மாதிரியான சேவைகள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கும். முகவரிக்கு அத்தாட்சி கேட்டால், தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் தவிர லயத்துக்கு இலக்கம் இல்லை, கரண்ட் பில் தாத்தா பெயரில் இருக்கும். முகவரி அச்சிட்ட வங்கிக் கூற்று எனக்கு உதவியது. வேலை கிடைத்த பிறகு ஓடாமல், தேடும்போதே இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அப்புறம், இணையத்தில் வேலை பிடிக்கும் தளமான அப்வொர்க்கில் கணக்கு வைத்திருப்பவர்களிடம், "உன் அப்வொர்க் கணக்கை மட்டும் கொடு, மாதம் 200 டொலர் தருகிறோம்" என்று கேட்பவர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். வட கொரிய ஐ.டி. ஊழியர்கள் மற்றவர்களின் பெயரில் ஒளிந்து வேலை எடுப்பதாக 2022இலேயே அமெரிக்க அரசு எச்சரித்தது. விசாரணை வந்தால் பிடிபடுவது உங்கள் அடையாள அட்டை. நேர்முகத் தேர்வுப் பரீட்சை என்று கோட் (கணினி நிரல்) அனுப்பி ஓட்டச் சொல்வதும் நடக்கிறது. அது பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும். தெரியாதவர்கள் அனுப்பும் கோட் எதையும் உங்கள் சொந்தக் கணினியில் ஓட்டவேண்டாம்.

போன மாதம் பண்டாரவளையில் இருந்து ஒரு தங்கச்சி தன் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பினாள். 60 நாள் கழித்துப் பணம், வருடத்தில் ஒரு நாள்கூட சம்பள லீவு இல்லை. "கேட்டால் வேறு ஆளைப் பார்ப்பாங்களோ அண்ணா?" என்று பயந்தாள். ஆறு மாதம் ஆள் தேடி அலைந்தவர்கள் ஒரு மெயிலுக்காக உன்னை விடமாட்டார்கள், கேள் என்றேன். மூன்று வரி எழுதினாள். 15 நாளில் பணம், வருடத்துக்கு 14 நாள் லீவு என்று திருத்திய பிரதி அடுத்த நாளே வந்தது.