கால்மிதி மேட்டைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்

“பாத்ரூம்ல வழுக்கிருச்சுங்க தம்பி” என்றுதான் அந்த அம்மா சொன்னார். வயது 72. இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, இடுப்பு மூட்டில் பாதியை மாற்றி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி நான்கு நாள் ஆகியிருந்தது. வாக்கர் பிடித்து நடக்கப் பழக்குவதற்காகப் போயிருந்தேன். எந்த இடத்தில் விழுந்தீர்கள் என்று காட்டச் சொன்னேன். அவர் கை நீட்டிய இடம் பாத்ரூமுக்குள் இல்லை. கதவுக்கு வெளியே, ஹாலுக்குத் திரும்பும் இடத்தில் கிடந்த மெரூன் நிறக் கால்மிதி.

ஈரக்காலோடு வெளியே வந்து வலது காலை அதன்மேல் வைத்திருக்கிறார். அந்த மேட், டைல்ஸ்மேல் சறுக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டது. உடம்பு பக்கவாட்டில் சரிந்து, மொத்த எடையும் இடது இடுப்பில் இறங்கியிருக்கிறது. நான் குனிந்து அந்த மேட்டைப் புரட்டினேன். அடியில் ஒரு காலத்தில் ரப்பர் பூச்சு இருந்ததற்கான அடையாளம் மட்டும் திட்டுத் திட்டாக மிச்சம். கட்டைவிரலால் தேய்த்ததும் பழைய சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. “போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு வாங்கினதுங்க. இன்னும் புதுசாட்டத்தானே இருக்குது?” என்றார் மருமகள். மேல்பக்கம் புதுசாகத்தான் இருந்தது.

கோவையில் 14 வருடமாக வீடுகளுக்குப் போய் பிசியோதெரபி செய்கிறேன். இப்போதெல்லாம் புது வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணில் படும் ஒவ்வொரு மேட்டையும் கால் நுனியால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பெரும்பாலான வீடுகளில் குறைந்தது ஒன்றாவது நகர்ந்துவிடுகிறது.

நம் வீட்டுத் தரை மாறிவிட்டது. சிவப்புக் காவித் தரை, மொசைக், கடப்பா கல் என்று இருந்த இடத்தில் இன்று விட்ரிஃபைடு டைல்ஸ். இந்த டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. கறை படியாது, துடைக்க சுலபம் என்று நாம் விரும்பி வாங்குவதும் அதற்காகத்தான். ஆனால் உறிஞ்சாத தரையில் ஈரம் அப்படியே மேலேயே நிற்கும். மேட்டுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் மெல்லிய ஈரமோ நுண்ணிய தூசியோ சேர்ந்தால் போதும், சக்கரம் வைத்த மாதிரி ஓடும்.

வேலைக்கு வரும் அக்கா மாப் போட்டு முடித்ததும், காய்வதற்கு முன்பே மேட்டை எடுத்துப் பழைய இடத்தில் போட்டுவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். அவருக்கு அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரம். அந்த ஈரம் மேட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை அங்கேயே இருக்கும். ஃபேனைப் போட்டுப் பத்து நிமிடம் தரையைக் காயவிட்டு, அப்புறம் மேட்டை நீங்களே போடுங்கள்.

சரி, விழுந்தால் என்ன, எழுந்துவிட்டால் போகிறது என்று இளவயதில் நினைக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுவதால் இறக்கிறார்கள். விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதிகம் பறிபோவது 60 வயதைத் தாண்டியவர்களின் உயிர். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைவதால், நின்ற உயரத்திலிருந்து விழுந்தாலே இடுப்பெலும்பு முறியப் போதும்.

வயதானவர்களின் காலும் விரிப்பும் சந்திக்கும்போது என்ன நடக்கிறது என்று அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு மேட்டின் விளிம்பு தட்டுப்படுவதே தெரியாது. பக்கவாதம் வந்து மீண்டவருக்குப் பாதத்தின் முன்பகுதி சரியாக எழும்பாது. சுருண்ட மூலை ஒன்று போதும், கால்விரல் மாட்டிக்கொள்ளும். பைஃபோகல் கண்ணாடி போட்டவர் குனிந்து பார்த்தால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத்தான் தரை தெரியும். அது படிப்பதற்கான பவர் என்பதால் தரை மங்கலாக இருக்கும். பார்க்கின்சன்ஸ் எனும் நடுக்குவாதம் உள்ளவர்கள் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள். கட்டம் கட்டமாகவோ சுழல் சுழலாகவோ டிசைன் போட்ட விரிப்பின் முன்னால் வந்ததும் கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுபவர்களும் உண்டு. மறதி நோய் உள்ள ஒரு தாத்தா, வெள்ளை டைல்ஸில் கிடந்த கறுப்பு மேட்டைக் குழி என்று நினைத்து, தாண்டப் பார்த்துத் தடுமாறினார். நல்ல வேளை, நான் பெல்ட்டைப் பிடித்திருந்தேன்.

அதனால் கடையில் நிறத்தையும் டிசைனையும் பார்ப்பதற்கு முன்னால் மேட்டைப் புரட்டுங்கள். அதன் அடிப்பக்கம்தான் உங்கள் வீட்டுத் தரையோடு வாழப் போகிறது.

பவானி ஜமுக்காளம் மாதிரி தட்டையாக நெய்த பருத்தி விரிப்புக்கு அடிப்பூச்சு எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் துணிதான். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற அருமையான நெசவு அது. என் வீட்டிலும் இரண்டு இருக்கின்றன. ஆனால் அது விரித்து உட்கார்வதற்கும், விசேஷத்துக்குப் போட்டுப் பிறகு மடித்து வைப்பதற்கும் பிறந்தது. நடைபாதையில் நிரந்தரமாகப் போட்டால் டைல்ஸில் ஓடும். பழைய துணிக் கிழிசலில் பின்னும் கால்மிதிகளும், பழைய துண்டை நான்காக மடித்துப் போடுவதும் இதே ரகம். துண்டு மேட் ஆகாது. எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

கையால் முடிச்சுப் போட்டு நெய்த கம்பளத்தைப் புரட்டினால் மேல்பக்க டிசைன் அடியிலும் அப்படியே தெரியும், முடிச்சுகளை எண்ணலாம். உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, காஷ்மீர் பக்கத்திலிருந்து வருபவை. கனமானவை, பல வருடம் உழைக்கும். பார்வைக்கு இதே மாதிரி இருந்து, அடியில் கித்தான் மாதிரி துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டட் ரகம். துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்தி ஏற்றி, லேட்டெக்ஸ் பசை தடவி, மேலே துணி ஒட்டுவார்கள். விலை குறைவு. சில வருடம் கழித்து அந்தப் பசை காய்ந்து பொடியாகும். கம்பளத்தைத் தூக்கினால் தரையில் வெள்ளை மாவு இருக்கும். வீட்டில் வீசிங் உள்ள குழந்தையோ பெரியவரோ இருந்தால் இந்த ரகத்தை நான் வாங்கச் சொல்வதில்லை.

பாத்ரூம் வாசலுக்கு வேண்டியது வேறு. மேலே தண்ணீரை இழுக்கும் பருத்தியோ மைக்ரோஃபைபரோ, அடியில் முழுப் பரப்புக்கும் ரப்பர். நாலு மூலையில் மட்டும் புள்ளி வைத்த பசையை நம்பாதீர்கள். வாங்கும்போது கடைக்காரரிடம் சொல்லி அவர் கடையின் டைல்ஸிலேயே போட்டு, வெறுங்காலால் தள்ளிப் பாருங்கள். ரப்பரை விரலால் மடித்தால் வெடிப்பு தெரியக்கூடாது, நகத்தால் கீறினால் உதிரக்கூடாது.

அந்த ரப்பரைக் கொல்வது பெரும்பாலும் நாம்தான். சுடுதண்ணீரில் துவைப்பது, பிளீச் போடுவது, வாஷிங் மெஷினின் டிரையரில் சூடாக உலர்த்துவது, மொட்டை மாடியில் ரப்பர் பக்கம் வானத்தைப் பார்க்கச் சித்திரை வெயிலில் காயப்போடுவது. சாதாரணத் தண்ணீரில் துவைத்து, நிழலில் கொடியில் போடுங்கள். வெயிலில்தான் காயவேண்டும் என்றால் துணிப் பக்கம் மேலே இருக்கட்டும்.

இனி விரிப்புக்கு அடியில் போடும் பேட். ரக் பேட், ஆன்டி ஸ்லிப் ஷீட், கிரிப் நெட் என்று கடைக்குக் கடை ஒரு பெயர். இழைகளை அழுத்திச் செய்த மெத்தென்ற ஃபெல்ட் துணி மட்டும் உள்ள பேட் காலுக்கு இதமாக இருக்கும், ஆனால் வழுக்கலைத் தடுக்காது. வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிவிசி ஷீட் விலை மலிவு. லேசான விரிப்புக்குக் கொஞ்ச காலம் உதவும், அப்புறம் காய்ந்து பிடிப்பை விட்டுவிடும். பாலிஷ் போட்ட மரத்தரையில் ஒட்டிக்கொண்டு தடம் பதிப்பதும் உண்டு. இயற்கை ரப்பர் பேட் டைல்ஸில் நன்றாகப் பிடிக்கும். ஹாலில் போடும் பெரிய கம்பளத்துக்கு, மேலே ஃபெல்ட்டும் கீழே ரப்பரும் சேர்ந்த பேட்டைத்தான் நான் சொல்வேன். ஒன்று மட்டும் கவனம். வினைல் ஃப்ளோரிங் ஒட்டிய வீட்டில் ரப்பர் பேட் போட்டால் அதிலிருக்கும் ரசாயனம் இறங்கி மஞ்சள் கறை விழும், எத்தனை துடைத்தாலும் போகாது. வினைலுக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

பேட்டை விரிப்பைவிட ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் சிறியதாக வெட்ட வேண்டும். அப்போதுதான் விரிப்பின் ஓரம் தரையோடு படிந்து கிடக்கும். பேட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே தடுக்கும். போடுவதற்கு முன் தரையைச் சுத்தமாகத் துடைத்து முழுசாகக் காயவிடுங்கள். மாதம் ஒருமுறை தூக்கி, பேட்டின் அடியை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்துப் போடுங்கள். தூசி படிந்த ரப்பர் பிடிக்காது. பேட் போட்டபின் பிடிப்பு போய்விட்டது என்று தூக்கி எறியும் பலருக்குத் தேவைப்பட்டது இந்தத் துடைப்பு மட்டும்தான்.

தடிமன் விஷயத்தில் வீட்டில் வாக்கரோ வீல்சேரோ இருந்தால் கண்டிப்பாக இருங்கள். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட விதிகள் கார்ப்பெட்டின் நூல் உயரம் அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது, அடியில் போடும் பேட் அமுங்காமல் உறுதியாக இருக்க வேண்டும் என்கின்றன. அந்த அளவை நம் வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம். இன்று பிரபலமாக இருக்கும் புசுபுசு ஷாகி விரிப்பில் வாக்கரின் கால் புதையும். அதைத் தூக்க முயலும்போது பெரியவர்கள் பின்னால் சாய்கிறார்கள். பேட்டும் விரிப்பும் சேர்ந்த உயரத்தில் கதவு தடையில்லாமல் திறக்கிறதா என்றும் பாருங்கள். முட்டும் கதவு விரிப்பைச் சுருட்டிவிடும்.

எல்லோரும் பெரிய கம்பளத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் ஆபத்து இரண்டடிக்கு மூன்றடி சிறிய மேட்டில்தான். 5-க்கு 8 அடி கம்பளம் சோபாவின் முன்கால்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிடந்தால் அசையாது. நடக்கும் பாதையில் ஒற்றையாகக் கிடக்கும் குட்டி மேட்தான் ஓடும், மூலை சுருளும். கட்டிலோரம், மாடிப்படியின் முதல் படிக்கு மேலே, எண்ணெய் சிந்தும் பூஜை அறை வாசல் ஆகிய மூன்று இடங்களில் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் மேட்டே வேண்டாம் என்பேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்றுக்குப் போக எழுபவருக்குப் படுத்த நிலையிலிருந்து நின்றதும் ரத்த அழுத்தம் சற்று இறங்கித் தலை கிறுகிறுக்கும். அந்த நேரத்தில் முதல் காலடி உறுதியான தரையில் பட வேண்டும். நைட்டி அல்லது வேட்டி நுனியும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம்.

அதையும் மீறி யாராவது விழுந்துவிட்டால், உடனே கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். ஒரு கால் மட்டும் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் எழுந்து நடக்கலாம்.

அந்த அம்மா வீட்டில் மெரூன் மேட்டை அன்றைக்கே வெளியே எடுத்துவிட்டோம். மருமகள் அந்த ஞாயிற்றுக்கிழமையே போய், வெள்ளை டைல்ஸில் பளிச்சென்று தெரியும்படி ஒரே நிறத்தில், அடி முழுக்க ரப்பர் வைத்த பச்சை மேட் ஒன்று வாங்கிவந்தார். கதவோரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பியும் பொருத்தினார்கள். மூன்று மாதம் கழித்து கடைசி நாள் சிகிச்சைக்குப் போனபோது வாக்கர் போய் கைத்தடி வந்திருந்தது. பாத்ரூமிலிருந்து வெளியே வந்தவர் கம்பியைப் பிடித்தபடி நின்று, தடியின் நுனியால் மேட்டை இரண்டு முறை தள்ளிப் பார்த்தார். அது நகரவில்லை. அப்புறம்தான் காலை வைத்தார்.