மும்பையில் குடிசைக்குப் பதில் வீடு: யாருக்குக் கிடைக்கும்?

சேலத்தில் பிழைக்க வழியில்லாமல் 1961-ல் பம்பாய்க்கு வந்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, மூன்று மகள்களோடு நடைபாதைக் குடிசையில் இருந்தார். நடைபாதைவாசிகளை அகற்றக் கூடாது என்று தொடுத்த வழக்கில் அவரும் ஒரு மனுதாரர். 1985-ல் தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கான உரிமை வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் நடைபாதையில் குடியிருக்க உரிமை கிடையாது. 1976 குடிசைக் கணக்கெடுப்பில் அடையாள அட்டை வாங்கியவர்களுக்கு மாற்று இடம். அன்று முதல் இந்த ஊரில் ஏழையின் கூரையைத் தேதியும் தாளும்தான் தாங்குகின்றன.

இன்று அந்தத் தேதி 1.1.2000. அதற்கு முன்பே குடிசையில் இருந்ததைக் காட்ட முடிந்தால், எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்) திட்டத்தில் 300 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு 1.1.2011 வரை வந்தவர்களுக்கும் வீடு உண்டு, இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும்.

தாராவிக்குக் கணக்கு வேறு. 2000-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி. 2011 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, அதே இரண்டரை லட்சத்துக்கு. அதன்பின் 15.11.2022 வரை வந்தவர்களும் மாடியில் குடியிருப்பவர்களும் வெளியேதான் போக வேண்டும். முதலில் வாடகை, பிறகு சொந்தமாக்கிக்கொள்ளலாம். திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் வேலையிலும் இட்லி வியாபாரத்திலும் காலூன்றிய குடும்பங்களில், மகனோ மருமகனோ மேலே ஒரு அறை போட்டுத் தனிக்குடித்தனம் இருப்பது சகஜம். அப்பா இங்கே, மகன் எங்கோ என்று பிரிவதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. வீடு என்பது சதுர அடி மட்டுமா? அவசரத்துக்குக் குழந்தையை விட்டுவிட்டுப் போக அம்மா கீழே இருப்பதும் சேர்ந்ததுதானே.

தாள்களுக்கு வருவோம். முக்கியமானது, 1.1.2000-க்கு முந்தைய வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர். அதோடு, இப்போதும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்று காட்ட மின்கட்டண ரசீது, போட்டோ பாஸ் (குடிசைவாசிகளுக்கு அரசு தரும் படம் ஒட்டிய அட்டை) போன்றவை. பழைய ரசீதைக் குப்பையில் போடாதீர்கள். ஊருக்குப் போகும்போது அசலைக் கொண்டுபோகவும் வேண்டாம். பெயரில் இனிஷியல், அப்பா பெயர், எழுத்து எல்லாம் தாளுக்குத் தாள் மாறுவது தமிழர்களுக்கு இங்கே பெரிய தலைவலி. திட்டத்துக்காகக் குடிசைகளைக் கணக்கெடுக்க வரும் முன்பே அதைச் சரிசெய்துவிடுங்கள்.

தகுதியுள்ளவர் பட்டியலை இங்கே எல்லோரும் 'அனெக்சர் டூ' என்பார்கள். அதில் பெயர் விட்டுப்போனால் மேல்முறையீடு செய்யலாம். புரோக்கரிடம் பணம் கொடுத்துக் காத்திருக்காமல், காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

பலர் கவனிக்காத ஒரு நல்ல விதியும் உண்டு: எஸ்.ஆர்.ஏ. வீடு கணவன், மனைவி இருவர் பேரிலும் கூட்டு உரிமையாகத்தான் வரும். சொசைட்டியின் (குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கத்தின்) பங்குச் சான்றிதழிலும் இருவர் பெயரும் ஏற வேண்டும். அது கைக்கு வரும் அன்றே பிரித்துப் பாருங்கள். மனைவி பெயர் இல்லையென்றால் உடனே எழுதிக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள்.